மரியோ கார்ட் 64: நாலு பேர் ஒரே டிவியில் ஆடும்போது ஜெயிப்பது எப்படி

மரியோ கார்ட் 64 என்ற கார் பந்தய வீடியோ கேமைத் தனியாக ஆடிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்கு, கம்ப்யூட்டர் கார் எவ்வளவு பின்னால தள்ளினாலும் கடைசி சுத்துல வந்து ஒட்டிக்குது" என்று மூடி வைத்தவர்கள் நிறையப் பேர் எனக்குத் தெரியும். அவர்கள் சொல்வது உண்மைதான். கம்ப்யூட்டர் ஓட்டும் கார்களுக்கு வேகத்தை ஏற்றிக் கொடுத்து உங்களை எட்டவைக்கும் வேலையை இந்த கேம் கொஞ்சம் அதிகமாகவே செய்யும். ஆனால் இது அப்படி ஆடுவதற்காகச் செய்த கேம் இல்லை. 1992-ல் வந்த சூப்பர் மரியோ கார்ட் இரண்டு பேருக்கானது. 1996-ல் ஜப்பானில் நின்டெண்டோ 64 என்ற கேம் இயந்திரம் வந்தபோது இயந்திரத்தின் முகப்பிலேயே நாலு கன்ட்ரோலர் செருகும் இடம் வைத்திருந்தார்கள், அந்த டிசம்பரிலேயே இந்த கேமும் வந்தது, திரையை நாலாகப் பிரித்து நாலு பேர் ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்றானது. இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் நாலு பேர் வேண்டும், ஒரு பாய் வேண்டும், ஒரு டிவி வேண்டும்.

எங்கள் வீட்டில் நான், தம்பி, அக்கா, அக்கா மகன் என்று நாலு பேர் வருடக்கணக்கில் ஆடுகிறோம். புதிதாக ஆட வருகிறவர்களுக்கு நான் எந்த வரிசையில் சொல்லிக் கொடுக்கிறேனோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

ஆடும் முன்பு

இப்போது ஆட எளிதான வழி நின்டெண்டோவின் புதிய இயந்திரமான ஸ்விட்ச். நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் எக்ஸ்பான்ஷன் பேக் என்ற மேல்படி இருக்கிறது, 2021 அக்டோபரில் அது தொடங்கிய நாளிலிருந்தே இந்த கேம் அதில் உண்டு. வெவ்வேறு ஊரில் இருக்கும் நண்பர்களோடு ஆன்லைனிலும் நாலு பேர் வரை ஆடலாம். நான் இந்தக் கட்டுரையில் பொத்தான்களைப் பழைய கன்ட்ரோலரில் இருந்த பெயரிலேயே சொல்கிறேன். ஏ என்றால் ஆக்ஸிலரேட்டர், பி பிரேக், ஆர் குதிப்பதற்கு, இசட் ஐட்டத்தை, அதாவது வழியில் பெட்டிகளில் கிடைக்கும் ஆயுதத்தைப் பயன்படுத்த. ஸ்விட்சில் அந்த இசட் பொத்தானின் வேலையை இசட்எல் செய்யும்.

பழைய இயந்திரத்தையே வாங்கி ஆட ஆசைப்படுகிறவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒன்று, ஐரோப்பிய பதிப்பின் கேட்ரிட்ஜ் அமெரிக்க, ஜப்பானிய இயந்திரங்களில் ஓடாது, அந்தப் பதிப்பு ஓட்டத்திலும் மெதுவானது. இரண்டாவது, கன்ட்ரோலரின் நடுவில் இருக்கும் ஸ்டிக். அந்தக் காலத்து ஸ்டிக்குகள் உள்ளே பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசித் தேயும், பழையதைத் திறந்தால் அடியில் வெள்ளை மாவு மாதிரி தூள் கிடக்கும். விரலை எடுத்ததும் ஸ்டிக் நிமிர்ந்து நிற்க வேண்டும். தொய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வாங்காதீர்கள், கீழே சொல்லப்போகும் டிரிஃப்ட், அதாவது வளைவில் வழுக்கித் திரும்புவது, அதில் வராது. தம்பி ஒருமுறை வேறோர் ஆளிடம் பழைய கன்ட்ரோலர்கள் இரண்டு வாங்கி வந்தான், இரண்டுமே அப்படித்தான் இருந்தன, அந்த விடுமுறை முழுக்க யார் அதைப் பிடிப்பது என்று சண்டை.

டிவியில் கேம் மோட் என்று ஒன்று இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் கார் குதிப்பதற்கும் நடுவே இருக்கும் தாமதம் குறையும். இதைச் செய்யாமல் "எனக்கு டிரிஃப்ட் வரல" என்று கைவிட்டவர்கள் உண்டு.

இன்னொன்று, மூன்று பேரோ நாலு பேரோ ஆடும்போது ஓட்டத்தின் நடுவில் பின்னணி இசை வராது. டிவி கெட்டுப்போகவில்லை, கேமே அப்படித்தான். நாங்கள் பக்கத்தில் ஸ்பீக்கரில் பாட்டு போட்டுக்கொள்வோம்.

யாரை எடுப்பது

எட்டு பேர் இருக்கிறார்கள். பீச், டோட், யோஷி மூவரும் எடை குறைந்தவர்கள், மரியோவும் லூய்ஜியும் நடுத்தரம், டாங்கி காங், வாரியோ, பௌசர் மூவரும் கனமானவர்கள். பெரிய உருவம் என்றால் வேகமும் அதிகம் இருக்கும் என்று நினைத்துப் புதியவர்கள் பௌசரை எடுப்பார்கள். இந்த கேமில் அந்தக் கணக்கு பொருந்தாது. இடித்துக்கொண்டு நின்ற பிறகு மறுபடி வேகம் பிடிப்பதில் எடை குறைந்தவர்கள்தான் முன்னால் இருப்பார்கள், புதியவர்கள் இடிப்பதும் நிற்பதும் அடிக்கடி நடக்கும் என்பதால் அவர்களுக்கு டோடோ யோஷியோதான் சரி. தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டிச் சாதனை படைக்கிறவர்களும் பெரும்பாலும் டோடைத்தான் எடுக்கிறார்கள். கனமானவர்களுக்கு ஒரே லாபம், மற்றவர்களை உரசித் தள்ளலாம். குறுகலான பாதையில் பௌசர் பக்கத்தில் வந்து இடித்தால் பீச் ஓரத்துக்குப் போவது நிச்சயம். அக்கா மகன் வாரியோவை எடுப்பதே அதற்குத்தான், அவனுக்கு முதலிடத்தைவிட மாமாவைத் தண்ணீரில் தள்ளுவது முக்கியம்.

புறப்படும்போது

லகிட்டு என்ற நடுவர் மேகத்தில் உட்கார்ந்து விளக்கைக் காட்டுவார். கடைசியாக எரிவது நீல விளக்கு. நீலம் எரிவதற்கு ஒரு கணம் முன்பு ஏ பொத்தானை அழுத்தினால் கார் பாய்ந்து கிளம்பும். கொஞ்சம் முந்திவிட்டால் சக்கரம் சுழன்று கார் அங்கேயே சுற்றி நிற்கும், மூன்று பேரும் கடந்து போய்விடுவார்கள். விளக்கைப் பார்த்து அழுத்தினால் எப்போதும் தாமதமாகிவிடும், அதனால் விளக்குகள் எரியும் தாளத்தை மனதில் எண்ணி அழுத்தப் பழகுங்கள். பத்துப் பதினைந்து தடவை முயன்றால் வந்துவிடும்.

டிரிஃப்ட்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

இந்த கேமில் ஓட்டுவது என்றால் எண்பது சதவீதம் இதுதான். மற்ற எதையும் கற்காமல் இதை மட்டும் கற்றவர், மற்ற எல்லாம் தெரிந்து இது தெரியாதவரை ஒவ்வொரு தடவையும் தோற்கடிப்பார்.

வளைவுக்கு முன்பே ஆரை அழுத்துங்கள், கார் சின்னதாக ஒரு குதி குதிக்கும். அந்தக் குதியிலேயே ஸ்டிக்கை வளைவின் பக்கம் திருப்பி, ஆரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கார் தரையில் இறங்கும்போது பின்பக்கம் வெளியே வழுக்கிக்கொண்டே வளையும். இதுவரை எல்லோருக்கும் வந்துவிடும். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அப்படி நிறுத்தினால் வளைவது மட்டும்தான் லாபம்.

அடுத்துச் செய்ய வேண்டியது: வலது பக்கம் வழுக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஆரை விடாமலே ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளி, உடனே மறுபடி வலது பக்கம் கொண்டு வாருங்கள். சக்கரத்துக்குப் பின்னால் வரும் புகையைப் பாருங்கள், ஆங்கில ஈ எழுத்தை வரிசையாக அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு தடவை இடம் வலம் ஆட்டியதும் அது மஞ்சளாகும். இன்னொரு தடவை அதேபோல் ஆட்டினால் சிவப்பு கலந்த ஆரஞ்சாகும். அந்த நிறம் வந்தபிறகு ஆரை விடுங்கள். கார் ஒரு உந்து உந்தும். இதற்குப் பெயர் மினி டர்போ.

கைக்கு வருவதற்கு நாளாகும். காரணம் என்னவென்றால் ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் தள்ளும்போது கார் வளைவிலிருந்து விலகி வெளியே போகிறது என்று பயம் வந்து, விரல் தானாக ஆரை விட்டுவிடும். அந்த பயத்தைத் தாண்ட வேண்டும். வெளியே போகட்டும், மறுபடி உள்ளே வரும். அதற்காகத்தான் வளைவுக்குள் நுழையும்போதே உள் ஓரத்தை ஒட்டி நுழையச் சொல்வது, வெளியே போக இடம் இருக்கும். இன்னொரு தவறு, ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே இருப்பது. தட்டிவிட்டு வர வேண்டும், கதவைத் தட்டுகிற மாதிரி.

பழக நல்ல இடம் லூய்ஜி ரேஸ்வே. 717 மீட்டர், நீண்ட வளைவுகள், விழுவதற்குப் பள்ளம் கிடையாது. டைம் ட்ரயலில் தனியாகப் போய் அந்த நீண்ட வளைவை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஒரே வளைவில் ஒரு மினி டர்போ வந்ததும், அடுத்த குதியைப் போட்டு அதே வளைவில் இன்னொன்று எடுக்க முயலுங்கள். இரண்டு வந்துவிட்டால் நீங்கள் தயார். அக்கா இதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள், ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு சத்தத்தைக் குறைத்துவைத்துப் பழகினாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூன்று பேரையும் வரிசையாக ஆறு ஓட்டத்தில் வென்றாள்.

கேமில் 50, 100, 150 சிசி என்று வேக நிலைகள் உண்டு, பயிற்சி ஐம்பது சிசியில் வேண்டாம். அந்த வேகத்தில் டிரிஃப்ட் இல்லாமலே எல்லா வளைவும் திரும்பிவிடும், கைக்குத் தவறான பழக்கம் வரும். 100 சிசியில் ஆரம்பியுங்கள்.

நேர்பாதையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் போனால் காற்றின் தடை குறைந்து உங்கள் கார் வேகம் பிடிக்கும், அப்போது பக்கவாட்டில் விலகி முந்தலாம். ஆனால் அவர் வாழைப்பழத்தோல் வைத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

ஐட்டம் கிடைத்ததும் எறியாதீர்கள்

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. கேள்விக்குறிப் பெட்டியை உடைத்ததும் என்ன வந்ததென்று பார்க்காமலே இசட்டைத் தட்டி எறிந்துவிடுவார்கள். நேராக மட்டும் போகும் ஆமை ஓடான பச்சை ஷெல் எங்கேயோ போகும். அடுத்த வளைவில் யாரோ ஆளைத் தேடிப் போகும் சிவப்பு ஷெல்லை விடுவார்கள், தடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

இசட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். வாழைப்பழத்தோலோ ஷெல்லோ உங்கள் காருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு வரும். பின்னாலிருந்து வரும் சிவப்பு ஷெல் அதில் மோதி இரண்டும் அழிந்துபோகும், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. விரலை எடுத்தால்தான் அது கையை விட்டுப் போகும். ஓட்டத்தின் முக்கால்வாசி நேரம் உங்கள் இடது கை ஆள்காட்டி விரல் இசட்டை அழுத்தியபடியே இருக்க வேண்டும், அதோடு சேர்த்து ஆரை அழுத்தி டிரிஃப்டும் செய்ய வேண்டும். முதலில் விரல் பின்னிக்கொள்ளும். பழகிவிடும்.

முதலிடத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் வாழைப்பழத்தோல், பச்சை ஷெல், போலிப் பெட்டி மாதிரிதான் கிடைக்கும். நட்சத்திரம், மின்னல், நீல ஷெல் எல்லாம் பின்னால் இருப்பவர்களுக்கு. ஆகவே முதலிடத்தில் இருக்கும்போது கிடைக்கும் ஒரு தோலைத் தங்கம் மாதிரிப் பாதுகாக்க வேண்டும். ஐந்து தோல் கொண்ட கொத்து கிடைத்தால் அதைப் பின்னால் வாலாக இழுத்துக்கொண்டே போங்கள், ஐட்டம் வைக்கும் கட்டம் காலியாகிவிடுவதால் அடுத்த பெட்டியில் இன்னொன்றும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். உங்களைச் சுற்றி வரும் மூன்று ஷெல்லுக்கும் இதே வசதி உண்டு.

தோலை எப்போதும் பின்னால்தான் போட வேண்டும் என்பதில்லை. ஸ்டிக்கை மேலே தள்ளிக்கொண்டு விட்டால் முன்னால் போய் விழும், முன்னால் இருப்பவரின் மூக்கு மேல். பச்சை ஷெல்லை ஸ்டிக்கைக் கீழே இழுத்துவிட்டு எறிந்தால் பின்னால் போகும்.

தோலில் நீங்களே ஏறிவிட்டால் உடனே பிரேக்கைத் தட்டுங்கள். ஸ்டிக்கைத் திருப்ப வேண்டாம், பதறவும் வேண்டாம், பி மட்டும். சரியான நேரத்தில் தட்டினால் கார் சுழலாமல் நிமிரும், ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு இசைக்குறி தோன்றும். ஒரு ஓட்டத்தில் இதை இரண்டு தடவை செய்தால் எதிரில் இருப்பவருக்கு எரிச்சலாகிவிடும்.

போலிப் பெட்டியில் கேள்விக்குறி தலைகீழாக இருக்கும். வேகமாக வரும்போது அதை யாரும் பார்ப்பதில்லை, உண்மையான பெட்டிகள் இருக்கும் வரிசையிலேயே நடுவில் இதை வைத்துவிட்டால் போதும்.

நீல ஷெல்லை இந்த கேமில்தான் முதன்முதலில் கொண்டு வந்தார்கள். பிறகு வந்த பதிப்புகளில் பறந்து வருவதைப் பார்த்தவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள், இதில் அது தரையோடு தரையாக முதலிடத்தைத் தேடிப் போகும், வழியில் இருப்பவர்களையும் அடித்துத் தூக்கிவிட்டுப் போகும். இரண்டாம் இடத்தில் இருந்துகொண்டு சந்தோஷப்படாமல் பாதையின் நடுவிலிருந்து ஒதுங்குங்கள்.

அடுத்தவர் திரையைப் பாருங்கள்

இது திருட்டு இல்லை. நாலு பேர் படமும் ஒரே டிவியில் இருக்கிறது, பார்க்காமல் இருப்பதுதான் தவறு. நான் இதைச் சொல்லிக் கொடுக்கும்வரை தம்பி தன் கால்பங்குத் திரையைத் தவிர வேறெங்கும் கண்ணை நகர்த்த மாட்டான், நன்றாக ஓட்டியும் தோற்றுக்கொண்டிருந்தான்.

நேர்பாதையில் அரை வினாடி கண்ணைத் திருப்பினால் போதும். மூன்று விஷயம் தெரிய வேண்டும்: யார் கையில் என்ன இருக்கிறது, யார் பின்னால் எதையாவது தொங்கவிட்டிருக்கிறார்கள், யார் பாதையில் எந்த இடத்தில் இருக்கிறார்கள். பின்னால் வருபவரின் கட்டத்தில் சிவப்பு ஷெல் நிற்பதைப் பார்த்துவிட்டால் உங்கள் தோலை எறிய மாட்டீர்கள். முன்னால் இருப்பவர் தன் கடைசி ஷெல்லையும் எறிந்துவிட்டார் என்று பார்த்தால் உங்கள் சிவப்பு ஷெல்லுக்கு அதுதான் நேரம்.

இந்தப் பழக்கத்தின் முழுப் பலன் வாரியோ ஸ்டேடியத்தில் தெரியும். 1591 மீட்டர் பாதை, சுற்று முடியும் முன் ஒரு பெரிய பள்ளத்தின் மேல் பறக்கும் தாவல் இருக்கிறது. யாராவது அந்தத் தாவலில் காற்றில் இருக்கும்போது நீங்கள் மின்னலை விட்டால் அவர் சுருங்கி, அக்கரை எட்டாமல் கீழே இருக்கும் பாதையில் விழுவார். ஏற்கெனவே ஓட்டிய தூரத்தில் கொஞ்சத்தைத் திரும்பவும் ஓட்டித்தான் அவர் மேலே வர முடியும். கடைசி இடத்தில் இருப்பவர் மின்னலை வைத்துக்கொண்டு, தன் காரைச் சும்மா நேராக விட்டுவிட்டு, முதலாமவரின் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மேட்டில் ஏறினதும் இசட். அந்த நேரம் வீட்டில் வரும் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

இதற்கு எதிர்வழியும் அடுத்தவர் திரையில்தான் இருக்கிறது. கடைசியில் இருப்பவர் கையில் மின்னல் இருந்தால், தாவலுக்கு முன்னால் நின்று அவர் பொறுமை இழக்கும்வரை காத்திருங்கள். ஆமாம், ரேஸில் நிற்பதுதான். எங்கள் வீட்டில் மூன்று பேரும் தாவலுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு அக்கா மகன் கையில் இருக்கும் மின்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாள் உண்டு. "மாமா, நீங்க போங்க, நான் போடமாட்டேன்" என்றான். யாரும் நகரவில்லை.

எந்தப் பாதையில் ஆடுவது

முதல் கோப்பையிலிருந்து கடைசிவரை வரிசையாக ஆடுவது கம்ப்யூட்டரோடு ஆடும் கிராண்ட் ப்ரீயில்தான் சரி, அதில் இரண்டு பேருக்குத்தான் இடம். மூன்று, நாலு பேர் என்றால் விஎஸ் என்ற பகுதி, பாதையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

பலம் சமமில்லாத நாலு பேருக்குச் சின்னப் பாதைதான் நல்லது. மூ மூ ஃபார்ம் 527 மீட்டர், மரியோ ரேஸ்வே 567. தோற்றாலும் அடுத்த ஆட்டம் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். மூ மூ ஃபார்மில் மண்ணிலிருந்து எட்டிக் குதிக்கும் பெருச்சாளி மாதிரியான பிராணிகள் முதலாமவரையும் கவிழ்க்கும், அதனால் யாரும் ரொம்ப தூரம் போக முடியாது. கலிமாரி டெசர்ட்டில் ரயில் குறுக்கே வரும், முன்னால் போகிறவர் கேட்டில் காத்திருக்கும்போது கடைசியில் இருப்பவர் வந்து சேர்ந்துகொள்வார். யோஷி வேலியில் பாதைகள் கிளை பிரிவதால் யார் எத்தனையாவது என்றே திரை சொல்லாது, கேள்விக்குறிதான் காட்டும், கடைசிவரை எல்லோருக்கும் நம்பிக்கை இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த பாதை அது.

கூப்பா ட்ரூப்பா பீச்சில் பாறைச் சுவரில் ஒரு துளை இருக்கிறது, எதிரே சரிவுப் பலகை மாதிரி ஒன்று. வேகம் கொடுக்கும் ஐட்டமான காளானைப் போட்டு அதில் ஏறினால் துளைக்குள் பாய்ந்து நல்ல குறுக்குவழியில் வெளியே வரலாம். காளான் கிடைத்தால் அதுவரை வைத்திருங்கள்.

டி.கே.ஸ் ஜங்கிள் பார்க்வேயில் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கினால் எங்கிருந்தோ காய்களால் அடித்துக்கொண்டே இருப்பார்கள், வேகம் சுத்தமாகப் போய்விடும், குறுக்கே போகும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். டோட்ஸ் டர்ன்பைக்கில் லாரிகளுக்கு நடுவே ஓட்ட வேண்டும், 150 சிசியில் எல்லாக் கோப்பையிலும் தங்கம் வாங்கித் திறக்கும் எக்ஸ்ட்ரா பகுதியில் அந்த லாரிகள் எதிரே வரும்.

ரெயின்போ ரோடு அழகுதான். ஆனால் புதியவர்கள் இருக்கும்போது போடாதீர்கள். 2000 மீட்டர், மூன்று சுற்றுக்கு ஆறு நிமிடம் போல் ஆகும், முதலாமவருக்கும் நாலாமவருக்கும் நடுவே தூரம் கூடிக்கொண்டே போகும், கடைசியில் ஒருவர் மட்டும் இருட்டில் தனியாக ஓட்டிக்கொண்டிருப்பார். தேறியவர்கள் மட்டும் ஆடும்போது அதில் ஒரு வழி இருக்கிறது. ஆரம்பத்தில் வரும் பெரிய இறக்கத்தில் இடது பக்கம் சாய்ந்து ஆரை அழுத்திக் குதித்தால் வேலியைத் தாண்டி, கீழே வெகுதூரம் தள்ளியிருக்கும் பாதையில் போய் விழலாம். தவறினால் லகிட்டு தூக்கி வந்து வைப்பதற்குள் எல்லோரும் போயிருப்பார்கள்.

இது செல்லுமா செல்லாதா என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நேரச் சாதனைகளைத் தொகுப்பவர்களே குறுக்குவழி போட்டது, போடாதது என்று இரண்டு பட்டியல் வைத்திருக்கிறார்கள், வீட்டில் ஒரு பேச்சு பேசி முடிவெடுப்பதில் தவறில்லை. எங்கள் வழக்கம்: நாலு பேருக்கும் அந்தக் குதி வரும் என்றால் செல்லும்.

பேட்டில்

ரேஸ் அலுத்த பிறகு இதற்கு வருவீர்கள், வந்தால் திரும்பிப் போக மனசு வராது. ஆளுக்கு மூன்று பலூன், அடிபட்டால் ஒன்று போகும், கடைசிவரை பலூன் வைத்திருப்பவர் ஜெயித்தார். நாலு களங்கள். அவற்றில் பிளாக் ஃபோர்ட்டைப் போடுங்கள். நாலு நிறத்தில் நாலு கோட்டை, மேலே ஏறச் சரிவு, ஒரு கோட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம்.

மேல்தளத்தில் இருப்பவருக்குத்தான் சாதகம். கீழே அலைகிறவர்கள் சரிவில்தான் ஏறி வர வேண்டும், அந்தச் சரிவின் தலைப்பில் ஒரு வாழைப்பழத்தோல் போட்டு வையுங்கள். சிவப்பு ஷெல்லை எதிராளியின் முன்னால் சுவர் இல்லாத நேரம் பார்த்து விடுங்கள், நடுவில் சுவர் இருந்தால் அதில் மோதி வீணாகும். பச்சை ஷெல் சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பும், கோட்டைக்குள் விட்டால் உங்களையே தேடி வர வாய்ப்பு உண்டு, அதனால் விட்டதும் இடத்தைக் காலி செய்யுங்கள். பேய் கிடைத்தால் மறைந்துவிடுவீர்கள், அடுத்தவர் கையில் இருப்பதும் உங்களுக்கு வந்துவிடும், ஆகவே யாராவது மூன்று சிவப்பு ஷெல் எடுத்து வைத்திருக்கும்போது பயன்படுத்துங்கள். நின்ற இடத்திலேயே திரும்ப ஏ, பி இரண்டையும் சேர்த்து அழுத்தி ஸ்டிக்கைத் திருப்புங்கள், மூலையில் மாட்டிக்கொண்டால் இது ஒன்றுதான் காப்பாற்றும்.

ஒருவர் உங்களைத் துரத்தும்போது அவர் திரையைப் பாருங்கள், உங்கள் முதுகு அங்கே தெரியும். கார் அந்தப் படத்தில் பெரிதாகிக்கொண்டே வந்தால் கையில் இருப்பதைப் பின்னால் விடுங்கள்.

பலூன் மூன்றும் போய்விட்டால் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட வேண்டாம். மூன்று, நாலு பேர் ஆடும்போது முதலில் தோற்றவர் சக்கரம் வைத்த குண்டாக மாறி மறுபடி களத்துக்கு வருவார். யாராவது ஒருவர் மேல் ஒரே ஒரு தடவைதான் மோதலாம். புதிதாகக் குண்டானவர்கள் பக்கத்தில் இருப்பவர் மேல் உடனே பாய்ந்து தவறவிடுவார்கள். சரிவின் அடியில் மறைவாக நில்லுங்கள், மூன்று பேர் திரையையும் பாருங்கள், இரண்டு பலூனோடு இருப்பவர் ஐட்டம் எடுக்க இறங்கி வருவார்.